காற்று போய்வரும் சட்டை

இரும்பு அலமாரியைத் திறந்தால் மேல்தட்டில் பதினோரு சட்டைகள். எல்லாம் ஒரே துணி, ஒரே தையல். கருநீலமும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டம், அரைக்கை, இடது பையின் மேல் கம்பெனி முத்திரை. வெளுப்பில் மட்டும்தான் வித்தியாசம். அடியில் இருப்பது ஒரு தடவைகூடத் துவைக்காதது. மேலே இருப்பது கழுத்துப்பட்டையைத் திருப்பித் தைத்தது.

"இந்த மனுஷனுக்கு வேற சட்டையே கிடையாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. "கிடையாது" என்பார் அவர், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி. கேட்டவருக்கு அவசரமில்லை என்று தெரிந்தால், ஏன் கிடையாது என்பதையும் சொல்வார். அது கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அவர் ஏசி மெக்கானிக். முப்பத்தெட்டு வருஷம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் மற்றவர்கள் நாற்காலியைத் தேடுவார்கள். அவர் சுவரில் வெப்பமானி இருக்கிறதா என்று தேடுவார். இல்லையென்றால் சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் எடுத்தார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள். அதனால் கம்பெனியில் அவர் பெயர் டிகிரி. சின்னவர்களுக்கு டிகிரி அண்ணன். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி.

ஏசி மெக்கானிக் என்றதும் ஜனங்கள், "உங்களுக்கென்ன, நாள் பூரா குளுகுளுன்னு வேலை" என்பார்கள். ஏசி ஓடுகிற இடத்துக்கு அவரை யார் கூப்பிடப்போகிறார்கள்? ஓடாத இடத்துக்குத்தான் போவார். பாதிப் பழுது வெளி யூனிட்டில் இருக்கும். வெளி யூனிட் மொட்டை மாடியில் இருக்கும். மொட்டை மாடியில் நிழல் இருக்காது. அந்த ஊரில் வருஷத்துக்குப் பத்து மாதம் வெயில். மீதி இரண்டு மாதம் மழை, மழைக்குள் புழுக்கம். உள்ளே அறை குளிரத் தொடங்கியதும் அங்கே அவருக்கு வேலை முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களுக்காகத்தான் அவர் இந்தத் தொழிலில் இருந்தார். மூன்று நாளாக வெந்துகொண்டிருந்த அறை. மூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டு, உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்பார். முதல் குளிர்காற்று முகத்தில் பட்டதும் வீட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். "காலைலேயே வரச் சொன்னோமே, இதுதான் காலையா?" என்று சண்டைக்கு நின்றவர்களும் மூடிக்கொள்வார்கள். அதைப் பார்த்த பிறகுதான் டிகிரி தன் பையை மூடுவார். ஒரு நாளைக்கு ஏழு வீடு, எட்டு வீடு.

உடுப்பைப் பற்றி நாற்பத்தொன்பது வயது வரை அவர் யோசித்தவரில்லை. பழைய சட்டை, மேல் மூன்று பட்டன் திறந்தபடி, கழுத்தில் துண்டு. ஓர் அடுக்குமாடிக் காவலாளி அவரைப் பார்த்துவிட்டுப் பின்வாசலைக் காட்டினார். போனார். பின்வாசல் பக்கம் நிழல் இருந்தது, அவருக்கு அதில் லாபம்தான்.

பிறகு புது மேனேஜர் வந்தார். அவரோடு சீருடையும் வந்தது.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. முப்பத்தைந்து வயது. முழுக்கைச் சட்டை, டை, எல்லாரையும் அண்ணே என்கிற வாய். "ஒருத்தர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் போறோம் அண்ணே. பார்த்ததும் நம்பிக்கை வர வேணாமா?" என்பார். அது நியாயம்தான். சீருடை கருநீலம், தடித்த பாலியஸ்டர், கழுத்து வரை பட்டன். கசங்காது. கறை பிடிக்காது. ஈ உட்கார்ந்தால் வழுக்கும். காற்றும் அப்படித்தான் மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே எட்டிப் பார்க்காது.

மற்ற மெக்கானிக்குகள் ஒரே நாளில் வழி கண்டுபிடித்தார்கள். வீட்டு வாசலில் கழுத்து வரை பட்டன். படியேறியதும் சட்டை தண்ணீர்த் தொட்டிமேல், ஆள் பனியனோடு. இறங்கும்போது மறுபடி பட்டன். டிகிரிக்கு அது வரவில்லை. மூடி என்று ஒன்று கொடுத்திருந்தால் அது மூடித்தான் இருக்க வேண்டும் என்கிற வகை. மூன்றாம் நாள், ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், வெளி யூனிட் முன்னால் குந்தியிருந்தவருக்குக் கையில் இருந்த ஸ்பானர் இரண்டாகத் தெரிந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து நினைவில் இருந்தது, யாரோ முகத்தில் தண்ணீர் அடித்ததும், தான் "இங்க எத்தனை டிகிரி?" என்று கேட்டதும்தான்.

மறுநாள் மேனேஜர் அவரை எதிரில் உட்காரவைத்தார்.

"ஸ்டோர்ஸுக்கு ஆள் தேவைப்படுது அண்ணே. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. கேட்ட பார்ட்டை எடுத்துக் கொடுத்தா போதும். இந்த வயசுல இனிமே மாடி எல்லாம் எதுக்கு?"

ஸ்டோர்ஸ் என்பது கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத நீள அறை. அட்டைப்பெட்டிகள், இரும்புத் தட்டுகள், ஒரு கம்பிக் கதவு. கதவில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகக் கேட்டதைக் கொடுக்க வேண்டும். அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்று யாரும் கண்ணை மூடிக்கொள்ளப்போவதில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். சட்டைதான் மூச்சு விடல."

"எல்லாரும் அதே சட்டையைத்தானே அண்ணே போடறாங்க?"

டிகிரி வாயைத் திறந்தார். பதில் சொன்னால் ஒன்பது பேரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஒரு சட்டை நானே தைச்சுக்கறேன் சார். நீலம்தான். முத்திரையும் வெச்சுக்கறேன். பார்க்க லட்சணமாவும் இருக்கும், வெயில்ல நிக்கவும் முடியும்."

மேனேஜர் மேஜையில் விரலால் தாளம் போட்டார். "சரி. ரெண்டு வாரம் டைம். அது முடியற அன்னைக்கு நாள் முழுக்க நானும் உங்ககூட வரேன். ஆறு வீடு. கடைசி வீட்ல நீங்க நிக்கறீங்களான்னும் பார்ப்பேன், நின்னா பார்க்கற மாதிரி இருக்கீங்களான்னும் பார்ப்பேன். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் மறுநாள் ஸ்டோர்ஸ் சாவி உங்க கையில. பேச்சே கிடையாது."

"பேச்சே கிடையாது" என்றார் டிகிரி. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேஜை பரிசோதனைக் கூடமாயிற்று. மேஜை விசிறி, இரண்டு வெப்பமானிகள், ஒரு கிண்ணம் தண்ணீர், தையல்காரரிடம் வாங்கிவந்த ஐந்து துண்டுத் துணிகள். மனைவி தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை பார்ப்பவள்; விடுமுறை நாளில் மேஜையில் சாப்பாட்டைத்தான் எதிர்பார்த்தாள்.

"துணின்னா கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கறதுங்க. இதுக்கு எதுக்கு இத்தனை சாமான்?"

"தொட்டுப் பார்த்தா கடைக்காரன் சொல்றதுதான் தெரியும். அளந்து பார்த்தாத்தான் துணி சொல்றது தெரியும்."

அளக்கிற வழி அவர் தொழிலிலேயே இருந்தது. வெப்பமானியின் நுனிக் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி காற்றில் வைத்தால், ஈரம் உலர உலரக் குமிழ் குளிரும். காற்றில் எவ்வளவு ஈரப்பதம் என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்வது. "குமிழுக்குப் பதிலா நான். தண்ணிக்குப் பதிலா வேர்வை. அவ்வளவுதான்" என்றார். ஐந்து துணிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றினார். மகள் நோட்டில் நிமிடத்துக்கு ஒரு எண் எழுதினாள். அவள் கருவியியல் பட்டயப் படிப்பில் முதல் வருஷம்.

"அப்பா, ஃபேனுக்கும் குமிழுக்கும் தூரம் மாறிக்கிட்டே இருக்கு. அஞ்சுக்கும் ஒரே தூரம் வைங்க."

"சேர்ந்து மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள எனக்கே பாடம்" என்று முணுமுணுத்தார். ஆனால் ஸ்கேல் எடுத்து வைத்து அளந்தார்.

கம்பெனி பாலியஸ்டர் இரண்டு நிமிடம் குளிர்ந்தது. பிறகு தண்ணீரெல்லாம் சொட்டிப்போய் மளமளவென்று ஏறிவிட்டது. டெரிகாட்டன் அதற்குப் பரவாயில்லை. பாப்லின் நடுவாந்தரம். லினனும் மெல்லிய மல் துணியும் கீழே போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டன. மனைவி லினன் துண்டை எடுத்துக் கைக்குள் கசக்கிப் பிரித்தாள்.

"மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் வீட்டுக்குப் போனா, நீங்களே இப்பத்தான் தூங்கி எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும்."

அப்படியானால் மல். அதிலும் வெளிர்நீலம்; கருப்பு நிறம் வெயிலை விழுங்கும் என்று அதையும் அளந்திருந்தார்.

தையல்காரரை எல்லாரும் அரை இஞ்ச் என்று கூப்பிடுவார்கள். யார் என்ன அளவு சொன்னாலும் "அரை இஞ்ச் பிடிச்சுடுவோம், அப்பத்தான் எடுப்பா இருக்கும்" என்பார். மல் துணியை விரித்துப் பார்த்தவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கவேயில்லை.

"அண்ணே, இது உள்ளுக்குப் போடற துணி."

"எங்கிட்ட நம்பர் இருக்கு" என்று நோட்டைக் காட்டினார் டிகிரி.

"நம்பரை நான் தைக்கறதில்லையே" என்றார் அரை இஞ்ச். ஆனாலும் தைத்தார். அரை இஞ்ச் பிடித்துத்தான்.

மேனேஜர் கூட வரும் நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒத்திகை பார்த்தார். வழக்கமாகப் போகும் வீடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தனியாக இருப்பவர். எழுபது வயதிலும் எதிரில் வருகிறவரின் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கிற கண். மாடியில் ஒன்றரை மணி நேர வேலை. டிகிரிக்குத் தலைசுற்றவில்லை. மார்பிலும் முதுகிலும் சில்லென்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று படியிறங்கி வந்தார்.

ஆசிரியை அவரைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பெரிய துண்டை எடுத்துவந்து நீட்டினார்.

"முதல்ல இதைப் போத்திக்கோங்க தம்பி."

"எதுக்கு டீச்சர்?"

"உங்க பனியன்ல மூணு ஓட்டை. பையில இருக்கற சீட்டுல இருக்கற கணக்கு எனக்குத் தெரியுது. திரும்பி நின்னீங்களே, முதுகுல ஒட்டியிருக்கற பிளாஸ்திரி எந்தக் கம்பெனின்னுகூடப் படிச்சுட்டேன்."

டிகிரி குனிந்து பார்த்தார். ஈரமான மல் துணி கண்ணாடித் தாள் மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஆனா குளிர்ச்சியா இருந்துச்சு டீச்சர்."

"இருக்காதா பின்ன? ஒண்ணுமே போடாத மாதிரிதானே இருக்கு."

துண்டைப் போர்த்தியபடி வீடு வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டு மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடித்துவிட்டாள் என்று நினைக்கும்போது "எந்தக் கம்பெனி பிளாஸ்திரியாம்?" என்று கேட்டு மறுபடி ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "ஸ்டோர்ஸ்ல ஜன்னல் கிடையாது, தெரியுமா?" என்றார்.

சிரிப்பு அங்கே நின்றது. மனைவிக்கு அப்போதுதான் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உறைத்தது. மகள் நோட்டை எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்பர் எதுவும் தப்பு இல்லப்பா. நாம துணியைக் குமிழோட இறுக்கிக் கட்டி அளந்தோம். ஈரமானா என்ன தெரியும்னு யாரும் பார்க்கல. துணிக்கும் உடம்புக்கும் நடுவுல இடம் விட்டா என்ன ஆகும்னும் பார்க்கல."

"இடம் விட்டா என்ன ஆகும்?"

"நீங்கதான் சொல்லணும். வெளி யூனிட்டைச் சுவரோட ஒட்டி வெச்சா என்ன ஆகும்?"

"சூடு வெளிய போக வழி இல்லாம முட்டிக்கிட்டு நிக்கும். மெஷின் ட்ரிப் ஆகி நின்னுடும்." பழக்கத்தில் சொல்லிவிட்டார். பிறகு எழுந்து நின்றார். "அடச்சே."

இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவந்தது. காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும், வெளியே போக ஒரு வழி வேண்டும், நடுவில் ஓட இடம் வேண்டும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. சட்டைக்குக் கீழே திறப்பு இருக்கிறது. மேலே பட்டன் போட்டால் எல்லாம் அடைப்பு. முதுகுக்கு வழியே கிடையாது. துணியைக் குற்றம் சொல்லிக்கொண்டே காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டிருக்கிறார். வேறொரு மெக்கானிக் இப்படிச் செய்திருந்தால் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மறுநாள் மூவருமாக அரை இஞ்ச் கடைக்குப் போனார்கள். துணி இந்த முறை பாப்லின், பருத்தியிலேயே கொஞ்சம் லேசானது. நிறத்தை மனைவி எடுத்துக்கொண்டாள்.

"அளக்கறதெல்லாம் நீங்க அளந்துக்கோங்க. வேர்வை தெரியாம இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன், எதிர்ல நூறு பேர் நின்னு பார்க்கறாங்க."

கடையில் இருந்த குடிதண்ணீரைக் கேட்டு வாங்கி, விரல்களை நனைத்து, விரித்துப் போட்ட துணிகள்மேல் ஒவ்வொன்றாகத் தெளித்தாள். ஆறடி தள்ளி வந்து நின்றாள். வெறும் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு சொட்டும் கரும்புள்ளியாக நின்றது. வெறும் வெளிர்நீலம் அதைவிட மோசம். பெரிய கட்டத்தில் பாதி தெரிந்தது. கருநீலமும் வெள்ளையும் கலந்த பொடிக் கட்டத்தில் எங்கே தெளித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது."

"ஆறடி எதுக்கு?" என்றாள் மகள்.

"வேர்த்தவங்ககிட்ட அதுக்கு மேல யாரும் நெருங்கி நிக்கறதில்ல."

தகராறு வந்தது அளவில். டிகிரி மார்பைச் சுற்றி ஐந்து இஞ்ச் கூடுதல் கேட்டார். கை அகலமாக வேண்டும். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் பிளவு. முதுகில் குறுக்காக ஒரு வெட்டு.

"அண்ணே, நான் சட்டை தைக்கறவன். கூடாரத்துக்கு ஆள் வேற" என்றார் அரை இஞ்ச்.

"காத்து ஓடணும்யா."

"காத்து ஓடும். உங்களைப் பார்த்து ஜனமும் ஓடும்."

"அப்ப நான் ஸ்டோர்ஸுக்கு ஓடறேன்" என்றார் டிகிரி. விளையாட்டாகத்தான் சொல்ல வந்தார். சொல்லி முடித்தபோது அப்படிக் கேட்கவில்லை.

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். அவரைத் திருப்பி நிறுத்தினார். தோளைத் தொட்டுப் பார்த்தார், தோள் எலும்பு முடிகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒண்ணு பண்ணலாம். தோளை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க. தோள் நூல் பிசகாம உட்காரணும், கழுத்துப்பட்டை நிமிர்ந்து நிக்கணும். அது ரெண்டும் பொருந்திடுச்சுன்னா கீழ எவ்வளவு லூஸா இருந்தாலும் கண்ணு ஏமாந்துடும். முதுகு வெட்டுக்கு மேல துணியை மடிச்சு மூடி மாதிரி தொங்க விடறேன். வெட்டுக்கு உள்பக்கம் பனியன் வலைத்துணி. வெளியிலேர்ந்து பார்த்தா மடிப்புன்னுதான் நினைப்பாங்க."

"அஞ்சு இஞ்ச் கொடுப்பியா?"

"நாலரை" என்றார். பழக்கதோஷம்.

சட்டை முதல் நாள் மாலைதான் கைக்கு வந்தது. ஒத்திகைக்கு நேரமில்லை. போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். மனைவி அவர் முதுகுப்பக்கம் வந்து அந்த மூடியைத் தூக்கி உள்ளே ஊதினாள். "வருதா?" "வருது." "எந்த வழியா?" "நாலா பக்கமும்."

மறுநாள் காலை மேனேஜர் டையோடு வந்தார். சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "கட்டமா?" என்றார். "நீலம்தான் சார்" என்றார் டிகிரி. வண்டியில் ஏறினார்கள்.

முதல் வீட்டில் ஒன்றுமில்லை, ஃபில்டர் அடைப்பு. இரண்டாவது வீட்டில் மாடி. மேனேஜர் படிக்கட்டு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கூரையே இல்லை. நண்பகல். டிகிரி வெப்பமானியை எடுத்துப் பார்த்தார், முப்பத்தொன்பது; வெளி யூனிட் பக்கத்தில் ஐம்பது. குந்தி உட்கார்ந்தார். வேர்த்தது. நன்றாகவே வேர்த்தது. ஆனால் மாடியில் எப்போதும் கொஞ்சமாவது அலைகிற காற்று இடுப்புப் பிளவு வழியாக ஏறி, முதுகை நக்கிக்கொண்டு, தோளுக்குக் கீழே அந்த மூடி வழியாக வெளியே போனது. அவர் பாட்டுக்கு வேலை செய்தார். கையில் இருந்த ஸ்பானர் கடைசி வரை ஒன்றாகவே இருந்தது.

பின்னால் சத்தமில்லை என்று திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தொட்டியின் திட்டில் உட்கார்ந்திருந்தார். முகம் செங்கல் நிறம். டை தளர்ந்து ஒரு பக்கம் கிடந்தது. வெள்ளைப் பாலியஸ்டர் சட்டை உடம்போடு ஒட்டி, உள்ளே போட்டிருந்த பனியனின் விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது.

"சார், தலை சுத்துதா?"

"லேசா… லேசாத்தான்."

டிகிரி கழுத்துத் துண்டை நனைத்து அவர் பிடரியில் போட்டார். மேல் மூன்று பட்டனைத் தானே கழற்றிவிட்டார். தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கவைத்தார். நிழல் பக்கம் நகர்த்தி உட்காரவைத்தார். ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ஸ்டோர்ஸில் ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது என்பது அது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி, "சொல்லியிருக்கணும். நானா இருந்தா ரெண்டு தடவை சொல்லியிருப்பேன்" என்றாள்.

கடைசி வீடு ஆசிரியை வீடு. மின்தேக்கி மாற்ற வேண்டியிருந்தது. ஒத்திகை நாளன்று அங்கே பார்த்துக் குறித்து வைத்தது. மேனேஜர் டை இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டிகிரி மாடியிலிருந்து இறங்கி, மூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டு, உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். காற்று வந்தது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆசிரியை மூடவில்லை. அவர் டிகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் வட்டம் காட்டினார். டிகிரி பள்ளிப் பையன் மாதிரி ஒரு சுற்று சுற்றி நின்றார்.

"இன்னைக்கு ஒண்ணும் படிக்க முடியலையே தம்பி."

"இல்ல டீச்சர்."

"நல்லது. பார்க்க மனுஷன் மாதிரி இருக்கீங்க." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவர் யாரு, உங்ககூட வேலை கத்துக்க வந்திருக்காரா? பாவம், இவருக்கும் ஒரு நல்ல சட்டை தைச்சுக் கொடுங்க."

வண்டியில் திரும்பும்போது மேனேஜர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டிகிரி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். கம்பெனி வாசல் வந்துவிட்டது.

"நாளைக்கு எத்தனை வீடு இருக்கு?" என்றார் மேனேஜர்.

"எட்டு சார்."

"எட்டையும் நீங்களே பார்த்துடுங்க."

அவ்வளவுதான். டிகிரி இறங்கி, தெருமுனை வரை சாதாரணமாக நடந்தார். முனை திரும்பியதும் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் பிடித்துவைத்திருந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. அதற்கும் முதுகுப்பக்கம் ஒரு வழி இருந்த மாதிரி இருந்தது அவருக்கு.

தலைமை அலுவலகம் கட்டத்தை ஒருபோதும் அனுமதிக்கவில்லை. ஏட்டில் இன்றைக்கும் கருநீலப் பாலியஸ்டர்தான். மேனேஜர் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவே. ஒரு மாதத்துக்குள் ஒன்பது மெக்கானிக்குகளும் அரை இஞ்ச் கடையில் வரிசையில் நின்றார்கள். மேனேஜர் ஒரு சனிக்கிழமை தனியாக வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார் என்று தையல்காரர் சொல்வார். அவர் அரை இஞ்ச் கூடச் சொல்கிறவர்.

டிகிரி அதன் பிறகு பதின்மூன்று வருஷம் மாடி ஏறினார். ஸ்டோர்ஸ் சாவியை அவர் தொட்டதே இல்லை. வேலையின் கடைசி நாளன்றும் நான்கு வீடு. நான்காவது வீட்டில் கைக்குழந்தை ஒன்று குளிர்காற்று பட்டதும் கண்ணை மூடித் தும்மியது. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

கடைசியில் மருத்துவமனையில் இருந்தது ஒன்பது நாள். அங்கே ஒரு பச்சை அங்கி கொடுத்தார்கள், முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்து, ஒரே ஒரு நாடாவால் கட்டுவது. மகள் அதைக் கட்டிவிட்டாள். அவள் இப்போது ஒரு தொழிற்சாலையில் வெப்பநிலைக் கருவிகளைச் சரிபார்க்கிற பொறியாளர்.

"நல்ல டிசைன்" என்றார் அவர். "நான் ஒரு வெட்டுதான் போட்டேன். இவங்க மொத்தத்தையும் திறந்துட்டாங்க. ஏசியை எத்தனைல வெச்சிருக்காங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்த கருவியை எடுத்து அதையும் பார்த்தாள்.

"இருபத்தி நாலு புள்ளி ரெண்டு."

"அந்தப் புள்ளி ரெண்டை விட்டுத்தள்ளு. சரியாத்தான் இருக்கு."

பிறகு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய தம்பி, பணி ஓய்வு விழாவில் கம்பெனி போட்டுவிட்ட கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். நல்ல எண்ணத்தில்தான். தடித்த துணி, உள்ளே வழுவழுப்பான லைனிங். ஒரு தடவைதான் போட்டது.

"இதைப் போடலாம் அண்ணி. எடுப்பா இருக்கும்."

மனைவி கோட்டை வாங்கினாள். லைனிங்கைத் தடவிப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் தம்பி. அவருக்கு வேர்க்கும்."

மகள் போய் மேல்தட்டில் இருந்த பன்னிரண்டில் ஒரு சட்டையை எடுத்துவந்தாள். ரொம்பப் புதுசும் இல்லை, ரொம்பப் பழசும் இல்லை. முதுகு மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வலை கிழியாமல் இருந்தது. தோள் நூல் பிசகாமல் உட்கார்ந்தது.